கை படாத படம்

ஜூன் 4

என்னங்க,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பிரிட்ஜில் வைத்துவிட்டு வந்ததைச் சூடு பண்ணியாவது சாப்பிட்டீர்களா என்பதுதான் கவலை.

அக்காவுக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தானே கிளம்பினேன்? அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். படுத்திருப்பது நான். முகத்திலும் இடுப்பிலும் கொழுப்பு எடுத்துக்கொண்டேன். தாடைக்குக் கீழே சின்னதாகக் கீறி, மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சினார்கள். இடுப்புக்கும் அதே கதை. கன்னத்துக்கு மட்டும் வாய்க்குள்ளேயே வெட்டி, உருண்டையாக இருக்கும் கொழுப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது தாடையைச் சுற்றி ஒரு பட்டை, இடுப்பில் மூச்சு முட்டும் ஒரு உறை. வாயை அதிகம் அசைக்கக் கூடாதாம். அதனால் போன் இல்லை, கடிதம்.

முதலில் பார்த்த டாக்டரம்மா நல்லவர். இது எடை குறைக்கிற வைத்தியம் இல்லை, தாடையும் இடுப்பும் வேண்டுமானால் செய்கிறேன், கன்னத்தைத் தொட மாட்டேன் என்றார். "அது மெத்தை மாதிரிம்மா. வயசானா தானாவே வத்தும். இப்ப எடுத்துட்டா திரும்ப வராது." நான் கேட்கவில்லை. வேறொரு கிளினிக்குக்குப் போய், நம் போட்டோக் கடை வாசல் கண்ணாடியில் மாட்டியிருக்கிறீர்களே என் படம், அதைப் போனில் காட்டி, இப்படித்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அங்கே யாரும் கேள்வியே கேட்கவில்லை.

ஏன் என்பீர்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பெண் படம் எடுக்க வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நான் கவுண்டரில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் இருந்த படத்தைக் காட்டி, "இது உங்க தங்கச்சியாக்கா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் உள்ளேயிருந்து, "ஆமாம்மா, தங்கச்சிதான்" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

வீக்கம் முழுக்க வடிய மாதக்கணக்கில் ஆகுமாம். வடிந்ததும் வருகிறேன். அதுவரை என்னைப் பார்க்க வராதீர்கள்.

உங்கள் பூசணி


ஜூன் 11

அன்புள்ள பூசணிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன மூன்றாம் மனிதனா?

உன்னை இளைக்கச் சொல்லி என்றைக்காவது கேட்டிருக்கிறேனா? பூசணி என்று கூப்பிட்டது கொஞ்சல். கடையில் நாலு பேர் எதிரிலும்தான் கூப்பிட்டேன், நீயும் திரும்பிப் பார்த்தாய். கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தும்போது கன்னத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவதும் தாடையைக் கோடு மாதிரி இறக்குவதும் தொழிலில் வந்த கைப்பழக்கம். வருகிற எல்லாருக்கும்தான் செய்கிறேன். செய்யாவிட்டால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? உன் அடையாள அட்டையை எடுத்துப் பார். அந்த அலுவலகத்தில் எடுத்தானே ஒரு படம்! நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோமே. அதைப் பெரிதாக்கிக் கண்ணாடியில் மாட்டச் சொல்கிறாயா?

கவுண்டரில் நீ இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை. நேற்று ஒருவருடைய படத்தை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உனக்கு வருகிற மாதிரி எனக்கு ஓரம் நேராக வெட்ட வரவில்லை. கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. நன்றாகத் தூங்கு. வீக்கம் வடிந்ததும் ஒரு படம் அனுப்பு. அழகாகத்தான் இருப்பாய்.

உன் போட்டோக்காரன்


நவம்பர் 20

என்னங்க,

போனில் உங்கள் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். அதனால் இதுவும் கடிதம்தான். நீங்கள் எழுதியதெல்லாம் வந்தது. பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. பயம்.

வீக்கம் வடிந்துவிட்டது. தாடை நன்றாக வந்திருக்கிறது, இடுப்பும் பரவாயில்லை. கன்னம்தான் ஒட்டிப்போய்விட்டது. மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தால் இரண்டு பக்கமும் பள்ளம். உங்கள் படத்தில் அது அழகான நிழலாக இருந்தது, என் முகத்தில் நோயாளிக் களையாக இருக்கிறது. லிப்டில் ஒரு அம்மா ஒதுங்கி இடம்விட்டு, "ட்ரீட்மென்ட் போயிட்டிருக்காம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அக்கா இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல், பாத்திரம் கழுவிக்கொண்டேதான் என்னோடு பேசுகிறாள்.

பழைய டாக்டரம்மாவிடமே போய் நின்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தொடையிலிருந்து கொழுப்பு எடுத்துக் கன்னத்தில் நிரப்பலாம், அதில் ஒரு பங்கு கரைந்துவிடும், பழைய முகம் அப்படியே வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். எங்கே எவ்வளவு சதை இருந்தது என்று தெரிய அவருக்கு என் பழைய படம் வேண்டும். அந்தக் கிளினிக்கில் முன்கூட்டிப் படம் எடுத்து வைக்கும் வழக்கமே இல்லை. இப்போது அது பூட்டிக் கிடக்கிறது.

ஒரே ஒரு படம் அனுப்புங்கள். நீங்கள் திருத்தாதது, கை படாதது. மற்றவர்கள் போனை நீட்டினால் நான் ஆளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கேமராவுக்கு முன்னால் மட்டும்தான் நம்பி நின்றேன். என் முகம் உங்களிடம்தான் இருக்கிறது.

பூசணி


நவம்பர் 28

அன்புள்ள பூசணிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து கடையைத் திறக்கவில்லை, தேடிக்கொண்டே இருந்தேன். படத்தைத் திருத்தி முடித்ததும் முதலில் எடுத்ததை அழித்துவிடுவது என் பழக்கம். வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டால் மனம் நொந்துபோவார் என்று நான் தொழில் பழகிய இடத்தில் சொல்லிக் கொடுத்தது. நம் கல்யாண ஆல்பம் ஈரத்தில் நைந்ததும் புதிதாகப் போட்டேனே, அதிலும் கை வைத்திருக்கிறேன். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஆனால் மூன்று தேறியது. புதுக் கடை திறந்த அன்று நீ விளக்கைத் துடைக்கும்போது எடுத்தது, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எடுத்தது, கவுண்டரில் தூங்கி விழும்போது எடுத்தது. என் கண்மேல் ஆணையாக இவற்றில் கை வைக்கவில்லை. பார்த்த உடனே சொல்லிவிட்டேன், இதுதான் என் பெண்டாட்டி என்று. உன்னை எனக்குத் தெரியாதா?

சரியானதும் வந்துவிடு. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன் போட்டோக்காரன்


டிசம்பர் 9

போட்டோக்காரருக்கு,

மூன்று படங்களும் வந்தன. டாக்டரம்மா அவற்றை மேசைமேல் வரிசையாக வைத்தார். படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்ததாம்மா?"

துணி காயப்போடுகிறவளுக்கும் ஒட்டிய கன்னம். தூங்கி விழுகிறவளுக்கும் தாடையில் கோடு. தூங்குகிறவளைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை.

நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். தெரிந்தே ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்து கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் நிஜமாகவே இதைத்தான் நான் என்று நினைத்திருக்கிறீர்கள். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது யார் என்று உங்களுக்குத் தெரியவில்லை.

நான் அழுததைப் பார்த்து டாக்டரம்மா, பர்ஸில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றார். அடையாள அட்டை இருந்தது. தூக்கக் கலக்கக் கண், வியர்வை, இரட்டை நாடி, பொம்மென்று இரண்டு கன்னம். நாம் விழுந்து விழுந்து சிரித்த படம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். அதை எடுத்த ஆள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரம் அவருக்கு. என்மேல் ஒரு பிரியமும் இல்லாததால் என்னை அப்படியே விட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். அக்கா கூட இருப்பாள். நீங்கள் வர வேண்டாம். அதற்குப் பிறகும் வர வேண்டாம், நானும் வரப்போவதில்லை. கவுண்டருக்கு ஒரு ஆள் பாருங்கள், ஓரம் நேராக வெட்டத் தெரிந்தவராக.

கண்ணாடியில் இருக்கும் படத்தை இறக்கிவிடாதீர்கள். யாராவது கேட்டால் தங்கச்சி என்று சொல்ல வேண்டாம், பெண்டாட்டி என்றே சொல்லுங்கள். நீங்கள் குடும்பம் நடத்தியது அவளோடுதான்.

இப்படிக்கு,
அட்டையில் இருப்பவள்