கணப்போரம் மட்டும் வேலை செய்த சிப்

கணப்பில் கரி பற்றும்போது எழுகிற வாடை எனக்கு ஆகாது. இன்று காலை குன்னூர்க் குளிர் தாங்காமல் பற்றவைத்தேன். உடனே உன் ஞாபகம் வந்து தொலைத்தது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது என் போனையே எடுக்காதவனை வேறு எப்போது திட்டுவது?

அரவேணுவில் பேக்கரிக்கு மேலே, நாம் கூட்டாகத் தொழில் தொடங்கிய வாடகை அறை. காலடியில் கணப்பு, மேசையில் நாம் செய்த சிப். பிளாக்செயின் கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவியை அது எங்கும் எழுதிவைக்காது; கேட்கும்போதெல்லாம் தனக்குள் எழும் எண்களிலிருந்தே உண்டாக்கித் தரும். ஒவ்வொரு முறையும் அதே சாவி வரவேண்டும். அறையில் ஒருநாளும் தவறியதில்லை. குந்தாவில் வாங்க வந்தவர்கள் முன்னால் வைத்தபோது வேறு வேறு சாவியாகக் கொடுத்தது. "இவ சால்டரிங் சரியில்லீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கைகாட்டினாய்.

என் சால்டரிங்கில் ஒரு குறையும் இல்லை. மலையில் பிறந்த நாம் நமக்காகக் கணப்பு மூட்டினோமே தவிர, சிப்பும் அதில்தான் குளிர்காய்கிறது என்று யோசிக்கவேயில்லை. குந்தாவில் கணப்பு இல்லை. அதைக் கண்டுபிடித்தது நான். சிப்பைப் பனியில் வைத்துப் பார்த்து, குளிரில் மாறுகிற எண்களை அதுவே ஒதுக்கிவிட்டு மாறாதவற்றால் மட்டும் சாவி செய்கிற வழியையும் நான்தான் எழுதினேன். அந்த வழிக்குத்தான் நீ காப்புரிமை கேட்டாய். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும்.

ஏன் இப்படி என்று கேட்டேன். "பேரு யாருதா இருந்தா என்ன கண்ணு, வேலை நம்முளுதுதானே" என்றாய். நீ கண்ணு என்று கூப்பிட்டாலே எதையோ சுருட்டிவிட்டாய் என்று அர்த்தம்.

நீ போன பிறகு காப்புரிமை கிடைத்துவிட்டதாம். மதியம் உன் மனைவி வந்து சொன்னாள். "நினைவுக் கூட்டத்துல நீங்கதானுங்க அவரைப் பத்திப் பேசோணும்" என்றாள். மாட்டேன் என்றேன். ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன், தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியுமுங்க. ஆஸ்பத்திரியில சொன்னாரு, அது நீங்க கண்டுபுடிச்சதுன்னு. வெளிய சொல்லிப்போடாதேன்னும் சொன்னாருங்க."

இத்தனை வருஷமும் உனக்காக ஒரு சமாதானம் வைத்திருந்தேன்: சொல்லிச் சொல்லி, உன் பொய்யை நீயே நம்பிவிட்டாய் என்று. அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். இனி என்னிடம் இருப்பது கோபம் மட்டும்தான். அதை யாருக்காகவும் விடப்போவதில்லை.