வெளித்தாழ்ப்பாள்

இன்று காலை மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனாள். போன வாரம் நான் வாசற்படியில் இடறி விழுந்ததால், இன்றிலிருந்து இந்த ஏற்பாடு. "அத்தே, மத்தியானம் வந்து தொறக்கிறேன். சும்மா டிவி பாருங்க" என்றாள். அவள் மேல் குற்றமில்லை, மகன் சொல்லித்தான் செய்கிறாள். ஆனால் அந்த இரும்பு உரசி விழுந்த சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டதும் கையிலிருந்த டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இதை நான் யாரிடம் சொல்வது?

கட்சால் தீவில் நமக்கு அந்தச் சத்தத்தில்தானே பொழுது விடியும். ரப்பர் மரத்துக்குப் பால் வெட்ட இருட்டோடு போகிறவர்கள், தூங்குகிற பிள்ளைகளை எழுப்பாமல் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவோம். பிள்ளை விழித்துக் காட்டுப் பக்கமோ கடல் பக்கமோ போய்விடக் கூடாது. வரிசையாகக் கட்டிய லைன் வீடு எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். சிலோன் தோட்டத்தில் நம் அம்மாக்களும் நம்மை அப்படித்தான் உள்ளே விட்டுப் போனார்கள். கப்பலில் இங்கே வந்தபோது சட்டி பானையோடு அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தோம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பால்வெட்டு இல்லை. மேட்டிலிருந்த ஆலயத்தைக் கூட்டுவது அன்று உன் முறை. எங்கள் வீடுகளும் மேட்டில்தான். நீ மட்டும், உன் வீட்டுக்காரர் படகு வேலை பார்த்த காலத்தில் கீழே கடலோரம் ஜெட்டிப் பக்கம் குடி போனவள், அவர் செத்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டாய். நீ துடைப்பத்தோடு நின்றபோது தரை ஆடியது. பிறகு கடல் எழுந்து வந்தது. "சாமு, சாமு" என்று நீ கீழே ஓடினாய். நாலு பேர் சேர்ந்து உன்னை இழுத்து நிறுத்தினோம். என் தோளில் நீ கடித்த பல் தடம் வெகுநாள் இருந்தது. உன் பிள்ளைக்கு ஆறு வயது நிறையவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு போர்ட் பிளேர் முகாமில் சாட்சிக் கூட்டம் வைத்தார்களே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஒவ்வொருவராக எழுந்து தங்களைக் கர்த்தர் காத்த விதத்தைச் சொன்னார்கள். சபை மூப்பரான என் கொழுந்தன் எழுந்து உன்னைக் கை காட்டினான். "இந்தச் சகோதரி ஆலயத்த கூட்ட வந்தா. வந்தவள ஆண்டவர் காத்தாரு" என்றான். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அன்றிலிருந்து அவனோடு எனக்குச் சரியான பேச்சு இல்லை. மனஸ்தாபத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கச் சொல்லி எத்தனையோ பாஸ்டர்கள் வந்து சொல்லிவிட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

அவன்தான் சில வருஷம் கழித்து, ஈஸ்டர் முடிந்த கையோடு, குடும்பத்தோடு செல்லுலார் ஜெயிலைப் பார்க்க ஏற்பாடு செய்தான். நீ வந்தால்தான் நானும் வருவேன் என்றேன். புளிச்சோறு கட்டினோம். நீ அவித்த முட்டையை அவன் முதல் ஆளாக எடுத்துத் தின்றதையும் நான் மறக்கவில்லை.

கடலைப் பார்த்து நிற்கிற அந்தக் கோட்டைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வராந்தாவில் ஓட ஆரம்பித்தார்கள். வரிசை வரிசையாக அறைகள். எல்லாம் இரும்புக் கம்பிக் கதவு. வழிகாட்டிப் பையன் ஒரு கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் எங்கே போய் விழுகிறது என்று காட்டினான். கதவிலிருந்து தள்ளி, சுவரில் குடைந்த பொந்துக்குள். "அந்தர் சே ஹாத் நஹீ பஹுஞ்சேகா" என்று சிரித்தான். உள்ளே இருப்பவன் கம்பி வழியாக எவ்வளவு கை நீட்டினாலும் எட்டாதாம். நீ சிரிக்கவில்லை. அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

கொழுந்தனுக்கு அது போதுமே. எல்லோரையும் நிற்க வைத்து, ராஜா ஜெயிலில் போட்ட பேதுருவின் கதையைத் தொடங்கிவிட்டான். சபை ஒன்றுகூடி ஜெபித்தது, தூதன் வந்தான், சங்கிலி கழன்றது, இரும்புக் கதவு தானாகத் திறந்தது. ஜெபிக்கிற வீட்டுக்குத் திறக்காத கதவு இல்லை என்று முடித்தான்.

நீ மெதுவாகத்தான் கேட்டாய். "மூப்பரே, அதுக்கு முன்னாடி அதே ராசா சீஷன் யாக்கோப வாளால வெட்டுனானே."

"ஆமா."

"அவனோட ஆத்தாளும் அந்தச் சபையிலதான இருந்திருப்பா? பேதுரு வெளிய வந்தத எல்லாரும் சாட்சி சொல்லயில, அவ எங்க போய் உக்காந்திருப்பா?"

அது தேவ சித்தம், நமக்கு விளங்காது என்றான் அவன். பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்று மரத்தடிக்குக் கூட்டிப் போய்விட்டான். என் மருமகள் "சலோ அத்தே" என்று என் கையைப் பிடித்தாள். நாங்கள் பின்னால் வருகிறோம் என்று அவளை அனுப்பிவிட்டேன்.

நீ அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொன்னாய். பைத்தியமா உனக்கு என்று திட்டினேன். சாத்து என்றாய், சாத்தினேன். தாழ்ப்பாளைப் போடவில்லை, அதன் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டேன். நீ கம்பிக்கு இடையில் கையை விட்டு, தோள் இடிக்கிறவரை நீட்டினாய். உன் விரல் வெறும் சுவரைத் தடவியது. அப்போதுதான் சொன்னாய். அதுவரை நம் சபையில் ஒருவருக்கும் தெரியாததை.

"அன்னைக்கு நான் தாப்பா போட்டுட்டுத்தான்டி வந்தேன். லீவுதான். கை பழக்கத்துல போட்டுட்டேன்."

தாழ்ப்பாள் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

"கதவுக்குப் பக்கத்துல சன்னல் இருந்துச்சு. அவன் கை எட்டியிருக்குமாடி?"

உன் வீட்டுச் சன்னல் எனக்குத் தெரியும். அவன் கையின் நீளமும் தெரியும், குளிப்பாட்டியிருக்கிறேன். எட்டும் என்றால் திறக்கப் பார்த்தான், முடியவில்லை என்று ஆகும். எட்டாது என்றால் அவனை உள்ளே அடைத்தது நீ போட்ட தாழ்ப்பாள்தான் என்று ஆகும். எதைச் சொல்வேன்? கதவைத் திறந்து உன்னை வெளியே கூட்டி வந்தேன். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். அதற்கப்புறம் நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுகூட நீ என் முகத்தைத்தான் பார்த்தாய்.

இன்றைக்கு நான் சன்னல் வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இல்லை, மத்தியானம் வருவாள் என்று தெரியும். அப்போது தோன்றியது. சாமுவும் தாழ்ப்பாளைத் தேடியிருக்க மாட்டான். தினமும் நீ போட்டாய், தினமும் வந்து திறந்தாய். அம்மா வருவாள் என்று பாயிலேயே படுத்திருப்பான். உனக்குச் சொல்ல இத்தனை வருஷம் கழித்து ஒரு பதில் கிடைத்தது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் இது ஆறுதலா, அதைவிடக் கொடுமையா என்று தெரியாமல், அழுகையும் வராமல் உட்கார்ந்திருந்தேன். யாக்கோபின் தாயை எங்கே உட்கார வைத்தீர் என்று கர்த்தரைக் கேட்டேன்.

மத்தியானம் மருமகள் வந்து திறந்தாள். "என்ன அத்தே, கதவுகிட்டயே உக்காந்திருக்கீங்க?" என்றாள். காற்று வருகிறது என்றேன்.

நாளைக்கும் தாழ்ப்பாள் போடுவாள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.