சி. கிச்சா

ராஜா அண்ணாமலைபுரம்,
சென்னை

அன்புள்ள அபயாவுக்கு மன்னியின் ஆசிகள்.

நாக்பூரில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை காலையில் நடக்கப் போகிறாரா? இங்கே நாங்கள் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அண்ணா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இப்போது வாட்ச்மேன் டில்லிபாபுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

உன் அண்ணாவின் பழம்பாத்திரப் பைத்தியம் உனக்குத் தெரியாததில்லை. நீ கடைசியாக வந்தபோது ஹால் ஷெல்ஃபோடு நின்றிருந்தது. இப்போது சோபாவில் கூஜாக்கள் உட்கார்ந்திருக்கின்றன, வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. கட்டிலுக்கடியில் வெண்கலப் பானை, வாஷிங் மெஷின் மேல் கல்சட்டி. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நகமெல்லாம் கறுத்துவிட்டது. கோவிலுக்குப் போனால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கும் பிடிக்கும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்குப் பாத்திரத்தைவிட அதில் வெட்டியிருக்கும் பெயர்தான் முக்கியம். 'தங்கம்மாள்' என்று ஒரு தூக்கில் இருந்தால் போதும், அந்தத் தங்கம்மாளுக்கு மாமியார் கொடுமை உண்டா இல்லையா என்பதுவரை கதை கட்டிவிடுவார். சின்ன டம்ளரில் 'சி.' என்று இருந்தால், "சிரஞ்சீவின்னு போட்டிருக்கா, ஆத்துப் பையனோடது" என்று எனக்கு விளக்குவார். நானும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொள்வேன். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

போன மாசம் லஸ் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் சமத் பாய் எனக்குப் போன் செய்தார். "மாமி, கோச்சுக்காதீங்க. சார் வாங்கினு போன அதே அடுக்குப் பாத்திரத்தை மறுபடி வந்து கேக்குறாரு. நீங்கதான் எடுத்துக்கினு போனீங்கன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. இன்னா செய்யட்டும்?" என்றார். சாரோடு ஒரு டீ குடித்து அனுப்பிவிடுங்கள் பாய் என்றேன். வேறென்ன சொல்ல?

அனிருத்திடம் சொன்னேன். பாலவாக்கத்தில் வீடு வாங்கிக்கொண்டு போனதிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளையாகிவிட்டான். "அப்பா எப்பவும் மறதிதானேம்மா" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அண்ணாவும் நன்றாகத்தான் இருக்கிறார். கிருஷ்ணமூர்த்தி என்று கையெழுத்து இன்னும் முத்துமுத்தாகப் போடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். துணிக்கடியில் அந்தச் சின்ன வெள்ளி டம்ளர் கிடந்தது. உங்கள் அம்மா உனக்கும் அவருக்கும் பால் குடிக்க வாங்கிப் பெயர் வெட்டிய ஜோடி, உன்னுடையதை நீ கொண்டுபோனாயே, அதன் மற்றொன்று. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கோமு, இங்க பாரு, சி. கிச்சான்னு இருக்கு. சி-ன்னா அப்பா பேரா இருக்கும், சிதம்பரமோ சிவராமனோ. பாவம், எந்தாத்துக் குழந்தையோ!" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது சிரிப்பார், இப்போது சிரிப்பார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அவர் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். பேங்கில் கேட்டால்கூடப் பாஸ்புக்கைத்தான் நீட்டுவேன். நீயும் அனிருத்தும் எவ்வளவு கேலி செய்திருக்கிறீர்கள்! சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வந்து, "ஏன்னா, கிச்சா நீங்கதான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னடி இது, ஆம்படையான் பேரை வாய்விட்டுச் சொல்றே?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது.

சாயங்காலம் அதே டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கிச்சா இப்போ எங்க இருப்பான் கோமு? இருக்கானோ இல்லையோ" என்றார்.

அபயா, எனக்கு ரொம்ப அலுத்துவிட்டது. பாத்திரம் தேய்த்த அலுப்பு ராத்திரி தூங்கினால் போய்விடும். இது போகவில்லை. டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அனிருத்தை லீவு போடச் சொல்லியிருக்கிறேன். டம்ளரை ஷெல்ஃபில் தங்கம்மாள் தூக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் எடுக்கவில்லை.

கூச்சமெல்லாம் விட்டுத் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். சமயத்தில் சிரிக்கிறார், சமயத்தில் யாரைச் சொல்கிறாய் என்கிறார். இத்தனை வருஷம் கூப்பிடாத வாய்க்கு அந்தப் பெயர் படியவில்லை போலிருக்கிறது. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் இப்போது நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் வந்து இரு. உன் டம்ளரையும் மறக்காமல் எடுத்துக்கொள். லிஃப்டை விட்டு இறங்கும்போதே "கிச்சாண்ணா" என்று கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாயே, அப்படியே கத்திக்கொண்டு வா. கீழ்வீட்டு மாமி ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ யாரென்று அவர் கேட்டாலும் அழுதுவிடாதே அபயா, இன்னொரு தரம் கூப்பிடு.

மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்கிறது. வந்துவிட்டார்கள். நீ தீர்க்க சுமங்கலியாக, நல்ல ஞாபகத்தோடு இருக்க வேண்டும்.

உன் மன்னி,
கோமளா