சிவப்பு ஷோகி

ஒசாகா, இரண்டாம் மாதம்

அன்புள்ள கணவருக்கு நுயி வணங்கி எழுதுவது.

நாடக ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்றீர்கள். பிளம் மரம் பூத்து உதிர்ந்தே போயிற்று. மகள் இனே வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். எடோவில் அப்படி என்னதான் கட்டிப்போட்டிருக்கிறது?

உங்கள் நுயி

எடோ, மூன்றாம் மாதம்

அன்பு நுயிக்கு,

கட்டிப்போட்டிருப்பது என் முகம்தான். புத்தாண்டு நாடகத்தில் அம்மைப் பேயை விரட்டும் ஷோகி சாமியாக நடித்தேன் அல்லவா? சிவப்பைக் கண்டால் அம்மைப் பேய் ஓடும் என்று அந்த வேடத்தை முழுச் சிவப்பில் படமாக அச்சடித்துவிட்டார்கள். அம்மை கண்ட பிள்ளைகளின் தலைமாட்டில் எல்லாம் நான்தான். குளியல் கூடத்தில்கூட என்னைக் கும்பிடுகிறார்கள். அம்மணமாக நின்று ஆசி வழங்குகிறேன்.

அரங்க முதலாளி ஊர் எல்லை தாண்ட வேண்டிய என் அனுமதிச் சீட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டார். "சாமியே ஊருக்குக் கிளம்பிட்டா சனம் என்னய்யா பண்ணும்?" என்கிறார். இனேவுக்கு ஒரு படம் அனுப்புகிறேன். விளையாடட்டும்.

ஷிகேசோ

ஒசாகா, நான்காம் மாதம்

இனேவுக்கு அம்மை. உங்கள் படத்தைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன்.

"அப்பா எதுக்கும்மா முறைக்கிறாரு?"

"நோயைப் பாத்து முறைக்கிறாருடி."

"அப்ப என்னையப் பாக்கலியா?"

எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படியாவது வந்துவிடுங்கள்.

நுயி

எடோ, நான்காம் மாதம்

நுயி, சீட்டில்லாமலே கிளம்பினேன். ஊர் எல்லைத் தேநீர்க் கடையில் ஒருத்தி அடையாளம் கண்டு, அம்மைக் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கும்பிட்டபடியே என்னை அரங்கத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். மறுநாள் மேடையில் முறைத்தேன், எல்லோரும் அழுதார்கள். என் பிள்ளை எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுது.

ஷிகேசோ

ஒசாகா, ஐந்தாம் மாதம்

இனே பிழைத்துவிட்டாள். பொருக்கு உதிர்ந்துவிட்டது, சோறு கேட்கிறாள். உங்கள் அருள் என்று தெருவே வந்து கும்பிட்டுப் போனது.

அம்மை இறங்கினால் படம் வீட்டில் இருக்கக் கூடாதே. வைக்கோல் தட்டில் சிவப்புச் சோற்றோடு வைத்து ஆற்றுக்கு எடுத்துப் போனேன். கூட வந்த இனே, "அப்பாவத் தரமாட்டேன்" என்று படத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இது அப்பா இல்லடி, சாமி."

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே தண்ணீரில் விட்டுவிட்டாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் அவள் வாசலில் உட்காருவதில்லை. அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், "ஆத்தோட போயிட்டாரு" என்கிறாள். நான் திருத்தவில்லை.

இனிப் படம் அனுப்ப வேண்டாம்.

நுயி