போயிட்டு வாராதே

மதிப்பிற்குரிய பாடலாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே ஒருவருக்கும் நலமில்லை என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் எனக்கு நேரத்துக்குப் பசிக்கிறது, உங்கள் மகளுக்கு முன்பல் விழுந்து புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. ஆகையால் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நலத்தை நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனை ஏன் பட்டென்று வைத்தேன் என்று செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள். பதிலைப் போனிலேயே சொல்லலாம். சொன்னால் நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். நான் மூச்சு விடாமல் திட்டும்போது அந்தப் பக்கம் பேனா ஓடுவது எனக்குக் கேட்காது என்று நினைத்தீர்களா? அதனால்தான் கடிதம். இதிலிருந்தும் ஒரு வரியை உருவப் பார்ப்பீர்கள் என்று தெரியும். எந்த மெட்டிலும் உட்காராத மாதிரி பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். முடிந்தால் பாடிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பாட்டு. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்று "போயிட்டு வரேன்" என்றீர்கள். நான் "போயிட்டு வராதே" என்றேன். வாங்க போங்க என்று பேசுகிறவள் அன்றைக்கு ஒருமையில் சொன்னேன், வயிறு எரிந்து சொன்னேன். பாட்டெழுதக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நிரந்தர வேலையை உதறிவிட்டு, காலைக் கட்டிக்கொண்டு அழுத மகளையும் விலக்கிவிட்டுக் கிளம்புகிற மனிதனிடம் வேறென்ன சொல்ல? அதை அப்படியே கொண்டுபோய்ப் பல்லவியாக்கிவிட்டீர்கள்.

அதையாவது ஒழுங்காக வைத்தீர்களா? மெட்டு அந்த இடத்தில் உச்சிக்குப் போகிறதாம். அங்கே குறில் நிற்காதாம். பாடுகிறவருக்கு வாய் திறக்க 'ஆ' வேண்டுமாம். உலகத்தில் இல்லாத வித்தையைக் கற்றுக்கொண்டவர் போல எனக்கு விளக்கினீர்கள். 'வராதே' 'வாராதே' ஆயிற்று. பாடுகிறவரோ 'வா' என்று இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி, அப்புறம் 'ராதே' என்கிறார். ஊரே "போயிட்டு வா, ராதே" என்று பாடித் திரிகிறது.

பல் கிளினிக்கில் நான் உட்காரும் மேஜைக்கு நேர் மேலேதான் ஸ்பீக்கர். டாக்டருக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். மரத்துப்போன வாயோடு வெளியே வருகிறவர்கள்கூட எச்சில் ஒழுக அதை முணுமுணுக்கிறார்கள். "யாரும்மா அந்த ராதே, உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவங்களா?" என்று டாக்டர் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். என்னவென்று சொல்வேன்? பாடகர் மூச்சு வாங்கியதில் பிறந்தவள் என்றா?

சரி, பெயராவது வந்ததா என்று என் தம்பி தேடிப் பார்த்தான். நீங்கள் யாரிடம் தொழில் பழகுகிறீர்களோ அந்தப் பெரிய கவிஞரின் பெயர்தான் இருக்கிறது. முதல் பாட்டு எல்லாருக்கும் அப்படித்தான் போகும், வரிகளை இசை நிறுவனத்துக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தாயிற்று என்கிறீர்கள். நல்ல தொழில். இனி நான் யாரையாவது அப்படித் திட்ட வேண்டுமானால் அந்த நிறுவனத்தில் அனுமதி வாங்க வேண்டுமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரர் நம் வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறார், அவசரமாகத் தேவைப்படுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். என் வாயிலிருந்து விழுந்தது, எடுத்துக்கொண்டீர்கள், தொலையட்டும். ஞாயிற்றுக்கிழமை செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் மணி அடித்தால் உங்கள் மகள் என்னை முந்திக்கொண்டு ஓடுவாள். திறப்பதற்கு முன்னால், மூடின கதவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். சிலிண்டர் போடுகிறவரோ கூரியர்க்காரரோ, யார் வந்தாலும் அதே கேள்விதான். வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அன்றைக்கு நீங்கள் போனில் இருந்தபோது மணி அடித்தது, அவள் கேட்டாள், உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள். அழுகிறீர்கள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் மேல் இருந்த கோபம் அத்தனையும் அந்த நேரத்தில் இறங்கிவிட்டது. அப்புறம் சன்னமாக "தன்னன தானா" என்றீர்கள். "அவளை அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லேன், மெட்டுல அப்படியே உட்காருது" என்றீர்கள்.

பெற்ற அப்பன் பேசுகிற பேச்சா இது?

அடுத்த பாட்டுக்கு எத்தனை பல்லவி கொடுத்தும் தேறவில்லை, இதுவும் போனால் கவிஞர் வேறு ஆளை வைத்துக்கொள்வார் என்று நீங்கள் புலம்பியது நினைவிருக்கிறது. இருக்கட்டும். வார்த்தை வறண்டால் பேருந்தில் ஏறி நாலு பேர் பேசுவதைக் கேளுங்கள். என்னிடம் வேண்டுமானால் இன்னும் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கைவசம் நிறைய இருக்கிறது, தாராளமாகத் தருகிறேன். அவள் கேள்வியைத் தர மாட்டேன். அதை நீங்கள் எழுதி, எவரோ பாடி, என் தலைக்கு மேல் அது ஒலித்துக்கொண்டிருந்தால், அப்புறம் அவள் உங்களைத் தேடிக் கேட்கிறாளா, பாட்டைத்தான் பாடுகிறாளா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து எழுதினீர்கள் என்றால், பாட்டு வெளியாகும் அன்றோடு நமக்குள் எல்லாம் முடிந்தது. இதை மிரட்டல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுசாகக் கேட்க ஆசையிருந்தால் வழி இருக்கிறது. வந்து மணியை அடியுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேளுங்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத் துணிவிருந்தால் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. உச்சியில் குறில் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு வார்த்தையா இல்லை? காதில் 'வா' என்றுதான் விழும் என்று தெரியாமலா வைத்தீர்கள்? எனக்கு எழுத வேண்டாம், நீங்கள் எழுதுவதை நான் இப்போது நம்புவதில்லை. அன்றைக்கு நான் சொன்னது குறில்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கிளினிக்கில் சரியான வரி என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், "உங்க காதுல எப்படி விழுதோ அதுதான் சரி" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ராதே