வேறு எஞ்சினின் ஆப்பு

1962 பங்குனி, வெள்ளி இரவு

அக்கா வீட்டு மச்சானின் கத்தரிச் செடி தண்ணீரின்றிக் காய்கிறது. கிணற்று நீர் இறைக்க, உதிரி உதிரியாக வாங்கி எண்ணெய் எஞ்சினை நானே பூட்டினேன். சீமை மெக்கானிக்கே என்னிடம் பிச்சை வாங்க வேண்டும். சக்கரத்தை அச்சோடு இறுக்கும் ஆப்பு மட்டும் கிடைக்கவில்லை. கொடைரோட்டில் வேறொரு எஞ்சினின் ஆப்பை வாங்கி, அரத்தால் ராவி அடித்து இறுக்கினேன்.

ஓட்டியதும் சக்கரம் கழன்று பறந்தது. கிணற்றில் கமலை இழுக்கும் காளையின் காலை முறித்தது.

"ஏலே மாப்ள, இந்த எஞ்சினோட ஆப்புதானான்னு கேட்டேன்ல!"

"எல்லாம் ஒண்ணுதான் மச்சான்!"

"ஒண்ணுதானா? அப்ப வேற பல்ல வாங்கி வச்சுக்க!" என்று ஸ்பானரால் வாயில் அடித்தார்.

பத்துப் பேர் பிடித்தும் நான் திமிறினேன். தண்ணீர் இறைக்க இனி எஞ்சினும் இல்லை, காளையும் இல்லை. விழுந்த பல்லைக் குழியில் வைத்து அமுக்கினேன். என் பல்தான். அதுவே நிற்கவில்லை. காளை இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது.