சத்தம் போடாத கார்டு

செவ்வாய், இரவு.

புதுக் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்க இன்று நானும் வீட்டுக்காரரும் சேலம் போய்வந்தோம். கதைகளுக்குக் குரல் கொடுத்து, இசை சேர்த்து அனுப்புவது என் வேலை. அந்த வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் கேம் ஆடுவது அவருடைய ஒரே பொழுதுபோக்கு.

பிராசசர், ரேம் எடுப்பதில் சிக்கல் இல்லை. கேம் வேகமாக ஓடுவதற்காக அவர் பல மாதமாக ஆசைப்பட்ட கிராபிக்ஸ் கார்டைக் கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். அதன் ஃபேன்கள் பெரிதாக இரைந்தன. பழைய கம்ப்யூட்டரின் இரைச்சல் பதிவில் விழுந்து, போன வாரம்தான் ஒரு கதை திரும்பி வந்திருந்தது. ஆனாலும் அவர் ஆசையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கடைக்காரரிடம், “சத்தமில்லாத கார்டு இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“ஏனுங்க, நீங்க ஆசப்பட்டது இதானுங்களே?” என்றேன்.

“கேம் கொஞ்சம் மெதுவா ஓடட்டும் கண்ணு. உன்ற குரல் சுத்தமா வரோணும்.”

திரும்பும் வழியில், அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் மலை ஏறும்போது நன்றி சொல்ல நினைத்தேன். அவர் பக்கம் திரும்பினேன்.

“என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்க.”

“அப்பறம் ஏன் கண்ணு கலங்குது?”

ஜன்னல் காற்றின் மேல் பழியைப் போட்டேன். அவர் எட்டி, கண்ணாடியை இழுத்து மூடினார்.